பத்துச் சுருட்டும் பதினான்கு நாள் லீவும்

துண்டு வேலை செய்பவருக்கு லீவுச் சம்பளம் எப்படிப் பார்க்கிறது என்று போன மாதம் ஓர் இளம் உத்தியோகத்தர் என்னிடம் கேட்டார். தொழில் கந்தோரில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை. கேட்டுவிட்டு, என் பதிலுக்கும் காத்திராமல், இப்போது எல்லாம் கொம்பியூட்டர் போட்டுத் தருகிறது சேர், பெயரையும் நாளையும் உழைப்பையும் அடித்தால் போதும் என்று அவரே சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. பிரிக்கிற வேலையைக் கொம்பியூட்டர் செய்யட்டும், நல்லது. எந்தப் பெயரை அடிக்கிறது, எதை விடுகிறது என்று அதற்கு யார் சொல்லிக் கொடுப்பது? என் உத்தியோகத்தில் நான் விட்ட பெரிய பிழை அங்கேதான் நடந்தது. கணக்கு எனக்கு ஒரு நாளும் பிழைத்ததில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் சட்டங்களை மனப்பாடம் செய்தேன், சோதனை பாஸ் பண்ணினேன், கன்ரீன் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்தேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவர்களில் நானும் ஒருவன். கையில் ஒரு பை, அதற்குள் ஒரு சேட்டும் சம்பளச் சபைத் தீர்மானங்களின் தொகுப்பும். உடுப்பை விட்டுவிட்டுப் புத்தகத்தைக் காவிக்கொண்டு வந்த மனிதன் என்று என் மனைவி கனகாலம் சொந்தக்காரர் வீடெல்லாம் சொல்லித் திரிந்தாள். சில மாதத்தில் யாழ்ப்பாணக் கந்தோரில் ஒரு மேசை தந்தார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மாதச் சம்பளக்காரருக்கு லீவுச் சம்பளம் என்பது ஒரு பிரச்சினையே இல்லை. லீவு எடுத்த நாளுக்கும் மாதச் சம்பளத்தில் கை வைக்காமல் விட்டால் சரி. துண்டுக்குக் கூலி வாங்குகிறவருக்குத்தான் சிக்கல். சுருட்டுச் சுற்றுகிறவருக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டில் படுத்திருக்கிற அன்று அவர் ஒன்றும் சுற்றுவதில்லை, அப்படியென்றால் அந்த நாளின் கூலி என்ன? அதற்குத்தான் முன்னைய மாதங்களில் உழைத்த மொத்தத்தை எடுத்து, வேலை செய்த நாட்களால் பிரித்து, வருகிற தொகையை ஒரு நாள் கூலி என்று வைப்போம். ஆண்டில் எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்று பார்த்து, அதற்கேற்ப எத்தனை நாள் லீவு என்று எடுப்போம், முழுதாக வந்தவருக்குப் பதினான்கு நாள். இரண்டையும் பெருக்கினால் காசு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்கிற கணக்கு.

எங்கள் உதவி ஆணையாளர் சாமுவேல் சேர் அந்தக் கணக்கைக் கீழிருந்து மேலே பார்ப்பார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த மனிதர், வெள்ளைக் காற்சட்டையின் காலுக்குக் கிளிப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வருவார். நான் மேலிருந்து கூட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால், பென்சிலை எடுத்துக் கடைசிப் பெயரிலிருந்து தொடங்குவார். ஏன் சேர் என்று கேட்டதற்கு, கடைசியில் இருக்கிற மனிதனிடம் வரும்போது எல்லோருக்கும் அலுப்பு வந்துவிடும், பிழை அங்கேதான் இருக்கும் என்றார். சிவப்பு மையைத் தொடவே மாட்டார். விசாரணைக்கு வருகிறவர்களில் தொழிலாளிக்கு முதலில் கதிரை போடச் சொல்வார், முதலாளிக்குப் பிறகு. இரண்டு பேரிடமும் சாப்பிட்டீர்களோ என்று கேட்பார். சாப்பிடாதவன் எதற்கும் ஓம் என்று விடுவான் என்பது அவருடைய எண்ணம்.

இன்னொரு வழக்கமும் அவரிடம் இருந்தது. மற்றக் கந்தோர்களில் வாக்குமூலத்தை எழுதிய உத்தியோகத்தரே அதைப் படபடவென்று வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவார். சாமுவேல் சேரிடம் அது நடக்காது. கொடுத்தவர்தான் எல்லோருக்கும் கேட்கும்படி உரத்து வாசிக்க வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாதவர் என்றால் அவரோடு வந்த ஒருவர் வாசிக்க வேண்டும். இதனால் ஒரு விசாரணைக்கு அரை நாள் போகும். நான் உள்ளுக்குள் புறுபுறுத்திருக்கிறேன்.

எண்ணெய் ஆலைக்காரர் ஒருவர் வந்தது நினைவிருக்கிறது. தன் ஆட்களுக்கு லீவு தரவில்லை என்று முறைப்பாடு. அவர் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து விரித்தார். அந்த வருடத்தில் ஊரடங்கு போட்ட நாட்களை எல்லாம் குறித்து வைத்திருந்தார். அந்த நாட்களில் ஆலை பூட்டு, ஆட்கள் வீட்டில், ஆகவே அதுதான் லீவு, இன்னும் சொல்லப்போனால் அவர்கள்தான் தனக்குக் கடன் என்றார். சாமுவேல் சேர் அந்தக் கொப்பியை முழுவதும் பார்த்துவிட்டு, "முதலாளி, இந்த ஊரடங்கை நீங்களோ போட்டனீங்கள்?" என்று கேட்டார். அவர் பயந்துபோய் இல்லை என்று தலையாட்டினார். "நீங்கள் குடுக்காத லீவை நீங்கள் கழிக்க ஏலாது" என்று கொப்பியை மூடிக் கொடுத்தார்.

அப்படிப்பட்டவருக்குக் கீழே வேலை பார்த்துக்கொண்டுதான் நான் அந்தச் சுருட்டுக் கொட்டில் விஷயத்தில் போய்த் தலையைக் கொடுத்தேன்.

உடுவிலுக்கு அங்கால் ஒரு கொட்டில். எண்பத்தாறாம் ஆண்டு. பொன்னுத்துரை என்ற தொழிலாளி ஒரு முறைப்பாடு எழுதியிருந்தார், ஆண்டு லீவும் இல்லை, லீவுக் காசும் இல்லை என்று. நான் போய் முதலாளியைக் கண்டு, சட்டத்தைச் சொல்லி, வழக்கென்று போனால் என்ன செலவு என்பதையும் பக்குவமாகச் சொன்னேன். மனிதர் மோசமானவர் இல்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுச் சரி என்றார். கணக்கப்பிள்ளை பின்னேரம் பின்னேரம் சுருட்டு எண்ணி எழுதுகிற புத்தகத்தை வாங்கிக்கொண்டு கந்தோருக்கு வந்தேன்.

புத்தகத்தில் இருபத்து மூன்று பெயர். இருபத்திரண்டு பேரின் எண்ணிக்கை மனிதருடைய எண்ணிக்கை போல இருந்தது, இன்று கூட, நாளை குறைய, திங்கட்கிழமை சோர்வு, தீபாவளிக்கு முதல் கிழமை ஓட்டம். கடைசிப் பெயர் கதிரவேலு. அவருடைய எண்ணிக்கை எப்போதும் பூச்சியத்தில் முடிந்தது. இருநூற்றிருபது, இருநூற்றுப்பத்து, நூற்றுத்தொண்ணூறு. உற்றுப் பார்த்தால், இருபத்திரண்டு பேரும் வந்த நாளில் அவருக்கு இருநூற்றிருபது. மூன்று பேர் வராத நாளில் நூற்றுத்தொண்ணூறு. ஆளுக்குப் பத்து! இப்படி ஒரு மனிதன் சுற்ற முடியாது. கள்ளப் பெயர் ஒன்றைப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோசம். அன்றைக்கு வீட்டில் மனைவிக்கு இரண்டு தரம் சொன்னேன்.

அடுத்த நாள் சொல்லாமல் கொட்டிலுக்குப் போனேன். புகையிலைக்குப் போடும் கோடாவின் மணம் தெருவுக்கே வந்தது. உள்ளே இருபத்திரண்டு பேர் வரிசையாகப் பலகைகளை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் உயரமான வாங்கில் ஒரு மனிதர் சம்மணம் கட்டி இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நல்ல கணீரென்ற குரல், ஒரு சொல் விழுங்காமல். வாங்குக்குக் கீழே ஒரு சின்னப் பனையோலைக் கடகம். கதிரவேலு யார் என்று கேட்டேன். வாசிப்பை நிறுத்திவிட்டு, நான்தான் என்றார்.

கொட்டில்களில் பேப்பர் வாசிக்க ஓர் ஆள் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. கை வேலை செய்யும், காது சும்மா இருக்கும், அதற்காக வைத்திருந்த ஏற்பாடு. பின்னேரம் எண்ணுவதற்கு முதல் ஒவ்வொருவரும் தான் சுற்றியதில் பத்தை எடுத்து அந்தக் கடகத்தில் போடுவார்கள். கணக்கப்பிள்ளை அதைக் கதிரவேலரின் பெயரில் எழுதுவார். முதலாளி அந்த எண்ணிக்கைக்குக் கூலி கொடுப்பார். அவ்வளவுதான் விஷயம். கள்ளம் ஒன்றும் இல்லை என்று கண்டதும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக் கூட இருந்தது.

ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. சுற்றியவனுக்குத்தான் துண்டுக் கூலி. அந்தப் பத்தும் சுற்றியவர்களுடைய உழைப்பு, ஆகவே அவரவர் கணக்கில் சேர வேண்டும், அவரவர் லீவுச் சம்பளம் அந்த அளவுக்குக் கூட வேண்டும். கதிரவேலர் ஒரு சுருட்டும் சுற்றாதவர், ஆகவே அவர் தொழிலாளி அல்லர். நான் தொழிலாளருக்கு நன்மை செய்வதாகவே நினைத்தேன். அவரைக் கூப்பிட்டு, சுருட்டுச் சுற்றுகிறீர்களோ என்று கேட்டேன், இல்லை என்றார். முதலாளி உங்களுக்கென்று சம்பளம் பேசினாரோ என்று கேட்டேன், இல்லை, இவர்கள் போடுகிறார்கள் என்றார். கந்தோருக்கு வந்து அதை ஒரு வாக்குமூலமாக எழுதினேன். "நான் சுருட்டுச் சுற்றுவதில்லை. சக தொழிலாளர்கள் நாளாந்தம் அன்பளிப்பாக வழங்கும் சுருட்டுகளுக்குரிய பணத்தைப் பெற்றுச் சீவிக்கிறேன்." அன்பளிப்பு என்ற சொல்லை நான் மரியாதைக்காகத்தான் போட்டேன். வேறு சொற்களும் இருந்தன, அவற்றைத் தவிர்த்தேன். பிறகு பட்டியலில் அவர் பெயரைச் சிவப்பு மையால் வெட்டினேன்.

மூன்றாம் நாள் பொன்னுத்துரை அன்றைய வேலையை விட்டுவிட்டு என்னைத் தேடிக் கந்தோருக்கு வந்தார். பட்டியலில் கதிரவேலரின் பெயர் வெட்டுப்பட்ட கதை கணக்கப்பிள்ளை மூலம் போயிருக்கிறது. உங்கள் காசு கூடித்தானே இருக்கிறது என்று நான் சொன்னேன். மனிதர் கதிரையில் இருக்கவும் இல்லை.

"ஐயா, நான் உந்தப் பெட்டிசம் எழுதினதே அவருக்காகத்தான்" என்றார். "அவருக்குக் கண்ணிலை பூ விழுந்திட்டுது. ஒரு கண்ணை ஒப்பரேசன் செய்து வெட்ட வேணும், வெட்டினால் ரெண்டு கிழமை அசையாமல் கிடக்க வேணும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். கொட்டிலுக்கு வராட்டில் அவருக்குப் பங்கில்லை. நாங்கள் போடுறம் எண்டு சொன்னனாங்கள். வாசிக்காமல் வாங்க மாட்டன் எண்டு நிக்கிறார். லீவு எண்டு சட்டத்திலை கிடந்தால் வாங்குவார்."

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. பதினான்கு நாள் லீவு, பதினான்கு நாள் கூலி. அந்த மனிதர் யாரிடமும் கை நீட்டாமல் கட்டிலில் கிடப்பதற்கு இருந்த ஒரே வழி அதுதான், அதைத்தான் நான் வெட்டியிருக்கிறேன். கண் விஷயம் முதலாளி காதுக்குப் போகக் கூடாது, வாசிக்க ஏலாத ஆள் எதற்கு என்று நிறுத்திவிடுவார் என்றும் பொன்னுத்துரை சொன்னார். மற்றக் கண் சரிதானே என்று கேட்டேன். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு ஓம் என்றார்.

நான் சாமுவேல் சேரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சிவப்பாக வெட்டிய இடத்தைக் கனநேரம் பார்த்தார். சட்டப்படி நீர் செய்தது பிழை என்று சொல்ல முடியாது, எல்லோரையும் விசாரணைக்குக் கூப்பிடும் என்று மட்டும் சொன்னார். எனக்குத் திட்டு வாங்கியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

விசாரணை நாளன்று இருபத்திரண்டு பேரும் வந்துவிட்டார்கள். கதிரை போதாமல் வாங்கு கொண்டுவந்து போட்டோம். முதலாளி வெள்ளை வேட்டி சால்வையோடு வந்தார். கதிரவேலர் தோய்த்துக் காயவைத்த சேட்டைப் போட்டு, பொன்னுத்துரையின் தோளைப் பிடித்தபடி வந்து இருந்தார். சிநேகிதர் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிட்டீர்களோ என்ற கேள்வியெல்லாம் முடிந்து, சாமுவேல் சேர் முதலில் தொழிலாளரைப் பார்த்துக் கேட்டார். இந்தப் பத்தும் உங்களுடையது என்றால் உங்களுக்கு லீவுக் காசு கொஞ்சம் கூடும், கதிரவேலுவினுடையது என்றால் உங்களுக்குக் குறையும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். ஒவ்வொருவராக எழும்பி, அது அவருடையது என்றார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சம் தயங்கினார், வீட்டில் நாலு பெண் பிள்ளைகளாம். பிறகு அவரும் அப்படியே சொன்னார். பொன்னுத்துரை சொன்னதைத்தான் சேர் குறித்துக்கொண்டார்: "கடகத்துக்குள்ளை போட்டாப் பிறகு அது எங்கடை கைக்கு வந்த சாமானே இல்லை, ஐயா."

முதலாளி இலேசில் விடவில்லை. அந்த ஆளை நான் வேலைக்கு வைக்கவில்லை, அவர்கள் ஆசைக்கு வைத்திருக்கிறார்கள், அவர்கள் போடுகிறார்கள், நான் எண்ணிக்கைக்குக் கூலி கொடுக்கிறேன், யார் சுற்றினால் எனக்கென்ன என்றார். உண்மையில் நியாயமான கதை. என் வாக்குமூலமும் அதைத்தான் சொன்னது. கதிரவேலர் அதில் கையெழுத்து வைத்தால் விஷயம் முடிந்தது.

சாமுவேல் சேர் தன் வழக்கப்படி, அந்தத் தாளைக் கதிரவேலரிடம் கொடுத்து உரத்து வாசிக்கச் சொன்னார். அதன் காபன் பிரதி சேருக்கு முன்னால் இருந்தது, பென்சிலை வைத்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வருவதற்காக.

கதிரவேலர் எழும்பினார். பேப்பரைப் பிடிப்பது போலவே இரண்டு கையாலும் தாளை நெஞ்சுக்கு நேரே பிடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

"கதிரவேலு ஆகிய நான் கூறுவதாவது. நான் காலை ஏழு மணிக்குக் கொட்டிலுக்கு வந்து மாலை நாலு மணி வரை வாசிக்கிறேன். பத்திரிகையை முதலாளி வாங்கித் தருகிறார். எதை வாசிக்க வேண்டும், எதை வாசிக்கக் கூடாது என்று முதலாளி சொல்வார். அதன்படியே வாசிப்பேன். கொட்டிலில் இருபத்திரண்டு பேர் கையால் வேலை செய்கிறார்கள். நான் வாயால் வேலை செய்கிறேன். வாசிக்காத நாளில் நான் ஒரு சுருட்டும் எடுத்ததில்லை. ஒருவரிடமும் சும்மா வாங்கியதில்லை. இது உண்மை."

அதில் ஒரு வரி கூட நான் எழுதியதில்லை.

அவருக்கு இரண்டு கண்ணுமே தெரியவில்லை. தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாது, கேட்டால் முதலாளிக்கு முன்னால் வெளியாகிவிடும். ஆகவே, சரியாகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதையே வாசிப்பது போலச் சொல்லியிருக்கிறார். இருபத்திரண்டு பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சாமுவேல் சேரின் பென்சில் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. அவர் தலையை நிமிர்த்தவில்லை. கடைசிச் சொல் வரைக்கும் கேட்டுவிட்டு, "வடிவா வாசிச்சீங்கள்" என்றார். பிறகு முதலாளியைப் பார்த்து, இதில் ஏதும் பிழை இருக்கிறதோ என்று கேட்டார்.

முதலாளிக்கு அந்த வாசிப்பு நல்லாய்ப் பிடித்துவிட்டது. "உதிலை ஒரு பிழையும் இல்லை. எதை வாசிக்கிறது எண்டு நான்தான் சொல்லுறது. இந்தக் காலத்திலை கண்டதையும் வாசிச்சால் கொட்டில் பத்தி எரிஞ்செல்லோ போகும்" என்றார், ஒரு பெருமையோடு.

"அப்ப அவருக்கு வேலை சொல்லுறது நீங்கள்" என்றார் சாமுவேல் சேர்.

ஒருவர் என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்கிறவர் எவரோ அவர்தான் அந்த ஆளின் முதலாளி. தொழில் சட்டத்தில் நாங்கள் முதல் முதல் படிக்கிற பாடம் அது. நான் சோதனையில் எழுதிப் புள்ளி வாங்கியதும் அதுதான். கொட்டிலுக்குப் போனபோது அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை, சுருட்டுச் சுற்றுகிறீர்களோ என்றுதான் கேட்டேன்.

கையெழுத்து இன்னும் இருந்தது. சேர் கதிரவேலரின் கையிலிருந்த தாளை மெல்ல வாங்கினார். "தம்பி, இதிலை மை ஊறிப் போச்சு. அவர் வாசிச்சதை அப்பிடியே வேறை தாளிலை எழுதிக்கொண்டு வாரும்" என்று என்னிடம் சொன்னார். நான் அங்கேயே இருந்து எழுதினேன், ஒரு சொல்லும் மாற்றாமல். சேர் அதை முழுக்க வாசித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்து வைக்கும் இடத்துக்குக் கீழே கோடு போடும் அடிமட்டத்தை வைத்துப் பிடித்தார். கதிரவேலர் அடிமட்டத்தின் விளிம்பை விரலால் தடவி, அதன் மேல் நேராகக் கையெழுத்து வைத்தார். முதலாளி சால்வையை மடித்துக்கொண்டிருந்தார், அவர் ஒன்றையும் காணவில்லை.

படியில் இறங்கும்போது பொன்னுத்துரையைப் பிடித்துக் கேட்டேன், இத்தனை நாளும் பேப்பரை எப்படி வாசித்தார் என்று. காலையில் தேத்தண்ணிக் கடையில் பொன்னுத்துரை ஒரு தரம் வாசித்துக் காட்டுவாராம், கதிரவேலர் அதை அப்படியே மனதில் வைத்து ஏழு மணிக்குத் திருப்பி வாசிப்பாராம். கொட்டிலில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. வாக்குமூலம் மட்டும் முன்கூட்டியே ஒருவர் கையிலும் கிடைக்கவில்லை, அதனால்தான் அவருக்கு வாசித்துக் காட்ட முடியவில்லை.

பட்டியல் முழுவதையும் நான் புதிதாக எழுத வேண்டும் என்றார் சாமுவேல் சேர். சிவப்பு வெட்டு இருந்த தாளைக் கந்தோர்க் கோவையில் வைக்க அவருக்கு மனம் இல்லை. இருபத்து மூன்று பேருக்கும் திரும்பப் பிரித்துப் பெருக்கி எழுதினேன். கதிரவேலரின் பெயரை முதலில் போடச் சொன்னார். பிறகு வழக்கம்போலக் கீழிருந்து மேலே சரி பார்த்து, அவர் பெயரில் வந்து முடித்தார்.

காசை என் முன்னால்தான் கொடுத்தார்கள். கதிரவேலர் பதினான்கு நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்து, கண்ணை வெட்டிக்கொண்டு கட்டிலில் படுத்தார். பத்தாம் நாளோ என்னவோ முதலாளி கந்தோருக்கு வந்து நின்றார். நான் ஏதோ புதுச் சண்டை என்று நினைத்தேன். இந்த மனிதனின் லீவு எப்போது முடியும் என்று கேட்டார். கொட்டிலில் ஒரே கதையும் சண்டையும், எண்ணிக்கை விழுந்து போயிற்று, லீவைக் கொஞ்சம் சுருக்க ஏலாதோ என்றார். சட்டத்தில் இடமில்லை என்று சொல்லுவதில் அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசம் உத்தியோகத்தில் வேறு ஒரு நாளும் இருந்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து, தடித்த கண்ணாடியோடு கதிரவேலர் வந்தார். உங்கள் முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தார். பிறகு, விசாரணையன்று முதலில் தந்த தாளைப் பார்க்கலாமோ என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். கிழித்துவிட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். மேசை இலாச்சியில்தான் வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். அவர் நின்றபடியே, கந்தோர் முழுவதும் கேட்க, கொட்டில் குரலில் வாசித்தார். அன்பளிப்பு என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, அந்தச் சொல்லைத் திரும்ப ஒரு தரம் வாசித்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கோ அண்ணை என்றேன்.

"எழுத்து நல்ல வடிவு, தம்பி" என்றார். "உந்தத் தாளை நான் கொண்டு போகட்டோ? கொட்டிலிலை வாசிக்க."

கந்தோர்த் தாளை வெளியே கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். அடுத்த முறை நான் அந்தப் பக்கம் போனபோது கொட்டிலுக்குள்ளிருந்து சிரிப்பும், "அன்பளிப்பு ஐயா வாறார்" என்ற குரலும் வந்தன. அந்தப் பெயர் எனக்கு ஒட்டிவிட்டது. உடுவில் சந்தைக்கு மனைவியோடு போனாலும் யாராவது ஒருவர் கூப்பிடுவார். மனைவி ஏன் என்று கேட்பாள். எனக்கு அன்பளிப்பு வாங்கும் பழக்கம் இருப்பதாக அவள் நினைத்துவிடக் கூடாது என்று முழுக் கதையையும் சொல்லவேண்டி வந்தது.

பிறகு வந்த காலம் எல்லோருக்கும் தெரியும். சாமுவேல் சேர் ஓய்வு பெற்றுப் பிள்ளைகளிடம் போய்விட்டார். மண்ணெண்ணெய் இல்லை, கடதாசி இல்லை, கோடு போட்ட கொப்பித் தாளில் பேப்பர் அடித்த நாட்களும் இருந்தன. கொட்டில் இடைக்கிடை பூட்டித் திறந்தது. நானும் வேறு வேலைகளில் அலைந்தேன்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்க, வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, நானும் மனைவியும் மறுநாள் மத்தியானம் போலத்தான் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே கால் வைக்க இடமில்லை. இந்த முறை புத்தகமும் இல்லை, ஒரு பையில் இரண்டு சீலையும் மருந்தும்தான். மனைவி மதிலோடு சாய்ந்து நின்றாள், இனி நடக்க ஏலாது என்றாள். யாரிடம் இடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அரசாங்க உத்தியோகத்தர் என்று சொல்லி அந்தக் கூட்டத்துக்குள் என்ன கேட்க முடியும்?

"அன்பளிப்பு ஐயா" என்று ஒரு குரல் கேட்டது.

பொன்னுத்துரை. தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு வகுப்பறை மூலையில் அவருடைய குடும்பம் ஒரு பாயில் இருந்தது. பாயைப் பாதிக்கு மடித்து எங்களுக்கு இடம் விட்டார்கள். கதிரவேலரைப் பற்றிக் கேட்டேன். கண்ணை மூடி இரண்டு வருசம் என்றார், கடைசிக் கிழமை வரைக்கும் வாசித்தாராம், பேப்பர் வராத நாளில் பழையதை வாசித்தாராம். கதிரவேலரின் பங்கு இடையில் நின்றதோ என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது, பொன்னுத்துரையே சொன்னார், ஒரு நாளும் நிற்கவில்லை என்று.

அவருடைய மனைவி இரண்டு சிரட்டையில் கஞ்சி வார்த்துக் கொண்டுவந்தார். பானையை எட்டிப் பார்த்தேன், அவர்களுக்கே காணாது. நாங்கள் வழியில் சாப்பிட்டுத்தான் வந்தோம் என்று பொய் சொன்னேன். பொன்னுத்துரை சிரட்டையை என் கையில் வைத்து, விரல்களை மடித்துப் பிடிக்க வைத்தார்.

"இது அன்பளிப்புத்தான், ஐயா" என்றார். "எழுதிறதெண்டால் எழுதுங்கோ."

அன்றைக்கு என்னிடம் பேனை இருக்கவில்லை. இப்போது எழுதியிருக்கிறேன்.